சொத்தை எடுத்த வைத்தியர்

குவளை நாட்டு அரசவை ஒருநாள் ஒரே ஒரு பல்லுக்காகக் கூடியது. சிரிக்காதீர்கள். அது கோயில் நாயனக்காரர் சிவக்கொழுந்தின் முன்பல்.

போன வருஷம் அந்தப் பல் வலிக்கத் தொடங்கியது. சாதாரண வலியா? கம்பீரமான மல்லாரியில் ஆரம்பித்த வாசிப்பு அழுகை ராகமான முகாரியில் போய் முடிந்தது. பிடுங்கி எறி என்றார்கள் ஊரார். சொல்வது சுலபம். முன்பல் போனால் நாயனத்தில் ஊதுகிற சீவாளி வாயில் நிற்காது. வாசிப்புப் போகும், பிழைப்பும் போகும்.

அந்த ஊரில் பல் வைத்தியர் ஒரே ஒருவர். பெயர் தந்தபூஷணம். பெயரில்தான் ‘தந்த’ உண்டு. அவர் யாருக்கும் எதையும் தந்ததாக யாரும் கேட்டதில்லை. ஆனால் கைராசிக்காரர், அதை மறுக்கக் கூடாது. பல்லைப் பிடுங்காமல், வேருக்குள் இருக்கும் அழுகலை மட்டும் ஊசியால் வழித்தெடுத்து, கிராம்புத் தைலம் விட்டு, பொன் தகட்டால் மூடிவிடுவார். கூலி பன்னிரண்டு பொன்.

“பன்னிரண்டா! அய்யா, முப்பத்திரண்டு பல்லையும் வித்தாக்கூட அவ்வளவு தேறாதே!” என்று அலறினார் சிவக்கொழுந்து.

“ஏன் கவலை? மூன்று வழி இருக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால் ஒரு பொன் தள்ளுபடி. பாதி இப்போது, பாதி அறுவடைக்குப் பிறகு என்றால் வட்டி உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பொன் என்றால் வட்டியே கிடையாது. இந்த ஓலையில் ஒரு கீறல் போடும், போதும்.”

வலிக்கிற வாய்க்கு எந்த ஓலையும் இனிக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கீறினார் சிவக்கொழுந்து.

பல் குணமானது. பதினோரு பௌர்ணமிக்குப் பதினோரு பொன்னும் கொடுத்தாயிற்று. பன்னிரண்டாவது பௌர்ணமியன்று போய்ப் பார்த்தால் வைத்தியர் வீட்டில் பூட்டு. மாமியார் ஊருக்குப் போய்விட்டாராம். மறுநாள் வந்தவர், பொன்னைத் தொடவே இல்லை. ஓலையைத்தான் நீட்டினார்.

“தவணை தவறிவிட்டது நாயனக்காரரே. வீட்டையும் வெற்றிலைக் கொடிக்காலையும் காலி செய்யும்.”

பல்லைக் காப்பாற்றப் போய் வாசற்படியை இழப்பதா? நேரே அரண்மனைக்கு ஓடினார் சிவக்கொழுந்து. ஓலையோடு வைத்தியரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

மன்னர் இளவழுதி நல்லவர், பணியாரப் பிரியர். வாய்விட்டுச் சிரித்தால் கடைவாயில் ஒரு கறுப்பு தெரியும். அதைப் பற்றி அவையில் யாரும் வாய் திறந்ததில்லை. இன்று அவர் சிரிக்கவில்லை.

“கீறல் உன்னுடையதுதானே?”

“என்னுதுதான் மகாராஜா. ஆனா அன்னிக்கு அவர் வீடு பூட்டிக் கிடந்துச்சே!”

“ஓலையில் உள்ளதே சட்டம் என்று பட்டம் சூடிய அன்றே சத்தியம் செய்துவிட்டேன். பூட்டிக் கிடந்தாலும் ஓலைப்படிதான் தீர்ப்பு. கூத்தா, அதை வாங்கிப் படி.”

அம்பலக்கூத்தன் அரண்மனை ஓலைகளையெல்லாம் காப்பவன். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன். ஓலையை ஒருமுறை பார்த்தான். காவலாளி ஒருவனின் காதில் ஏதோ சொல்லி அனுப்பினான். பிறகு உரக்கப் படித்தான்.

“ஒரு தவணை தவறினாலும் வைத்தியர் சிவக்கொழுந்தின் சொத்தை எடுத்துக்கொள்ளலாம். அரசே, எழுத்து தெளிவாக இருக்கிறது. வைத்தியர் எடுத்துக்கொள்ளட்டும்.”

அடப்பாவி, இவனுமா என்று நொந்துபோனார் சிவக்கொழுந்து. வைத்தியர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“சிவக்கொழுந்தண்ணே, வாயைத் திறங்க!” என்றான் கூத்தன். “வைத்தியரே, உம்... எடுத்துக்கொள்ளும்.”

“வாயிலிருந்து எதை எடுப்பது?”

“சொத்தையைத்தான். ‘சொத்தை எடுத்துக்கொள்ளலாம்’ என்றுதானே எழுதியிருக்கிறீர்?”

“அந்த வாயில் ஏது சொத்தை?” வைத்தியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் கைவைத்த வாய் அது! போன வருஷமே சுத்தமாக எடுத்துவிட்டேன்!”

“கேட்டீர்களா அரசே? ஓலைப்படி எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்றாம். அவரே சொல்கிறார்.”

அவை கொல்லென்று சிரித்தது. வைத்தியர் குதித்தார்.

“அநியாயம்! அது பல் சொத்தை இல்லை. சொத்து! வீடு, கொடிக்கால்! நான் எழுதிய எழுத்துக்குப் பொருள் எனக்குத்தான் தெரியும்!”

“உம்முடைய எழுத்துக்கு நீர் சொல்வதே பொருள். சரியா?”

“சரி!”

போன காவலாளி அதற்குள் திரும்பி வந்துவிட்டான். அவன் தோளில் ஒரு பலகை. வைத்தியர் வீட்டு வாசலில் தொங்கும் அதே பலகை. கூத்தன் அதை நிமிர்த்திப் பிடித்துப் படித்தான்.

“‘தந்தபூஷண வைத்தியர். இங்கே வலி தெரியாமல் சொத்தை எடுப்போம்.’ அரசே, இவர் ஊரார் வீடு வாசலை வலி தெரியாமல் எடுப்பதாகப் பலகையே போட்டு வைத்திருக்கிறார். திருடனுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் கிடையாது!”

வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டியது.

“சொல்லும் வைத்தியரே. இரண்டு இடத்திலும் பல்லா, இரண்டு இடத்திலும் வீடா? பல் என்றால் உம் வீட்டுக்குப் போகலாம். வீடு என்றால் சிறைக்குப் போகலாம்.”

“பல்தான்! இரண்டும் பல்தான்!”

மன்னர் தீர்ப்புச் சொன்னார். “வேலை செய்தவனுக்குக் கூலி உண்டு. பன்னிரண்டாவது பொன்னை வாங்கிக்கொண்டு ஓலையைக் கிழித்துப் போடும். இனி இந்த நாட்டில் கடன் ஓலை எதுவானாலும், கீறுகிறவன் காதில் விழும்படி படித்துக்காட்டிய பிறகே கீறல் வாங்க வேண்டும்.”

ஒருநாள் முழுக்க மடியிலேயே கிடந்த பொன்னை எடுத்து நீட்டினார் சிவக்கொழுந்து. முகமெல்லாம் சிரிப்பு. அந்த முன்பல் பளிச்சென்று தெரிந்தது.

மன்னருக்கு அடக்கிவைத்த சிரிப்பு இப்போதுதான் பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து சிரித்தார்.

“கூத்தா! உன் சாதுரியத்துக்கு என் சொத்தை உனக்கே தந்தாலும் தகுமடா!”

கூத்தன் அந்தத் திறந்த வாயை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

“அது உங்கள் கடைவாயிலேயே இருக்கட்டும் அரசே. எனக்குப் பொற்காசு போதும்!”