கேரியரைப் பிடித்தவர்

ஞானிகள் மெலிந்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. பல தலைமுறைகளாகத் திருத்தப்படாமல் கிடக்கும் இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. மெலிந்த ஞானிகள் ஓவியர்களின் வசதிக்காக ஏற்பட்டவர்கள். விலா எலும்பை யாரும் வரைந்துவிடலாம். தொப்பையை வரையத்தான் பயிற்சி வேண்டும்.

ஆற்றோர மடத்தின் தலைவி தவக்கொடி அம்மையார் நல்ல பருமன். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அவருடைய ஞானத்தில் குறை கண்டவர் எவரும் இல்லை.

எடையைக் குறைக்க வழி கேட்டு அவரிடம் போனார் சீடர் நன்மாறன். அம்மையாரைவிட வயதில் மூத்தவர். ஏழு வயது மகளுக்குத் தந்தை. "பொண்ணு காலேஜ் போறதைப் பார்க்கணும்னா உடம்பைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை.

"நேரமே இல்லம்மா" என்றார். "காலையில மகளுக்குத் தலை சீவி, டிபன் கட்டி, ஸ்கூல்ல விடறது நான். அப்புறம் ஆபீஸ். சாயங்காலம் அரை மணி நேரம் கிடைக்கும். ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, பாயை விரிச்சு, செல்போனைப் பார்த்துப் பயிற்சி பண்றேன். அதுலயும் நிம்மதி இல்ல."

"ஏன்?"

"மகிழினி கதவைத் தட்டிக்கிட்டே இருக்கா. 'அப்பா முடிச்சாச்சா, அப்பா முடிச்சாச்சா'ன்னு. நான் திறந்து பதில் சொல்லிட்டு வர்றதுக்குள்ள செல்போன்ல இருக்கிறவன் அடுத்த பயிற்சிக்குப் போயிடறான்."

"அவளுக்கு என்ன வேணுமாம்?"

"சைக்கிள் கத்துக் குடுக்கணுமாம். கேரியரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடணும். எனக்கு மூச்சு வாங்கும். உடம்பு குறையட்டும், அப்புறம் ஓடறேன்னு சொல்லிட்டேன்."

"நியாயம்தான்" என்றார் அம்மையார். "மடத்துல பாய் பத்தல. உங்க பாயைக் கொண்டு வாங்க."

"அது நல்ல பாய்ம்மா."

"அதனாலதான் கேட்கிறேன்."

மறுநாள் நன்மாறன் பாயைக் கொண்டுவந்தார்.

"இதை நான் திருப்பித் தர்ற வரைக்கும் வீட்டுல கதவைச் சாத்தக் கூடாது."

"அப்ப அந்த அரை மணி நேரம் என்ன பண்றது?"

"அதான் மகளுக்கு வாக்குக் குடுத்திருக்கீங்களே."

"உடம்பு குறைஞ்ச அப்புறம்னுதானேம்மா சொன்னேன்?"

அம்மையார் பாயை விரித்து அதில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அன்று மாலை கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிய நன்மாறன் மூன்று வீடு தாண்டுவதற்குள் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சார், சைக்கிள் உங்களை இழுத்துக்கிட்டுப் போகுதா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்பா, நீங்க வேணா ஏறிக்கோங்க. நான் தள்ளறேன்" என்றாள் மகிழினி.

சில நாள் போனதும் பிள்ளையார் கோயில் வரை ஓடினார். பிறகு தண்ணீர்த் தொட்டி வரை. வீடு திரும்பும் மகிழினிக்கு அகோரப் பசி. தட்டில் ஒரு பருக்கைகூட வைக்காமல் தின்றாள். வீணாகக் கூடாதே என்று அவள் வைத்த மிச்சத்தை இத்தனை நாள் தின்றுவந்த நன்மாறனுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்த பிறகு, கவலையோடு மடத்துக்குப் போனார்.

"எனக்குக் குறைஞ்சிருக்கும்மா. டாக்டருக்கும் சந்தோஷம். ஆனா பிள்ளைக்குச் சைக்கிள் வரலையே! கையை எடுத்தா சாஞ்சிடறா. தெருவுல இருக்கிற வாண்டுங்கள்லாம் எப்பவோ கத்துக்கிச்சு. இவளுக்கு மட்டும் ஏன் இப்படின்னு பயமா இருக்கு."



"முந்தாநாள் நீங்க ஆபீஸ்ல இருந்தப்ப உங்க வீட்டம்மா இங்க வந்திருந்தாங்க. மகிழினியும் வந்தா."

"சொன்னாங்க."

"சைக்கிள்ல வந்தா. யாரும் பிடிக்காம. முற்றத்துல ஒரு கையை விட்டுட்டு ஓட்டிக் காட்டினா."

நன்மாறனுக்குப் புரிய நேரமாயிற்று.

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன்மா விழறா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எனக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அப்பா மறுபடியும் கதவைச் சாத்திக்குவாரு'ன்னா."



அன்று மாலை, தொட்டி வளைவில், அவர் கேரியரிலிருந்து கையை எடுத்தார். சைக்கிள் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.