சுவரில் ஒட்டிய வரி

"மேடம், இது எப்பத்தான் முடியும்?" என்று கேட்டார் தணிகாசலம்.

ரெஜினா மேடம், தணிகாசலம் வரைந்த எழுத்துருவிலேயே கம்ப்யூட்டரில் ஒரு வரி அடித்து, பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டினார்.

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தாறு. ரயில்வேயில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுத்து வரையக் கற்றுக்கொள்ள மேடத்திடம் வந்தார். மேடத்துக்கு நாற்பதுதான்.

புத்தக அட்டைத் தலைப்புக்கென்றே ஓர் எழுத்துரு. தடித்த கோடு வளைந்து வளைந்து மயிரிழையாக மெலியும். முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் ஊன்றி நிற்கும். மூன்று வருடமாக இதே வேலை. பதிப்பாளர் இரண்டு தடவை பொறுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மாலைதான் கடைசிக் கெடு.

அழகாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது.

தணிகாசலம் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார்.

"இந்த 'கா'வுக்கும் 'பி'க்கும் நடுவுல இடம் ஜாஸ்தி. 'டை'க்கு வயிறு பெருத்துப்போச்சு மேடம்."

மேடம் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருந்துச்சு சார்?"

"எதுல?"

"இதுலதான்."

தணிகாசலம் யோசித்தார். 'கா' இருந்தது. 'டை' இருந்தது. மற்றது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எழுத்தைத்தான் பாத்தேன். என்ன எழுதியிருக்குன்னு கவனிக்கலையே."

"அப்ப இன்னும் முடியல சார்."

தாளைத் திருப்பிக் காட்டினார். 'சூடான காபி, மெதுவடை தயார்.'

நான்கு மாதமாக வாரம் ஒருதரம் இதே கூத்து. தணிகாசலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார். "என்ன தப்புன்னு சொல்லாம, காபி வடைன்னு ஒட்டிவச்சு என் உசுரை வாங்குறாங்க."

வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று பார்த்து விடிகாலையிலேயே மகள் பூவிழிக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் தணிகாசலம் நடந்த நடையில் நர்ஸுக்கே தலை சுற்றியது.

"நீங்க வேலைக்குப் போங்க. ஏதாவதுன்னா நான் கூப்பிடுறேன்" என்று மனைவி துரத்திவிட்டாள்.

மேடத்தின் அறைக்கு வந்தவர் 'ழ'வைப் பிடித்துக்கொண்டார். அதன் வாலை ஒரு மயிரளவு நீட்டினார். குறைத்தார். திரும்ப நீட்டினார். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

காலையில் டாக்டரின் முகம் சரியில்லாதது போல் இருந்தது. அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கை எதையாவது திருத்திக்கொண்டே இருந்தால் கொஞ்சம் தேவலை.

பையில் அவருடைய போன் மூன்று தடவை துடித்து அடங்கியது. வேலைக்கு உட்கார்ந்தால் அதன் வாயை அடைத்துவிடுவது அவர் வழக்கம். இன்றைக்கும் பழக்கதோஷத்தில் அடைத்துவிட்டிருந்தார்.

பிறகு மேடத்தின் போன் அடித்தது. வாசல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"சார்."

"ஒரு நிமிஷம் மேடம். இந்த 'ழ'வை முடிச்சுடறேன்."

"சார், இங்க கொஞ்சம் பாருங்க."

"மேடம், தயவுசெஞ்சு. இப்ப எதுவும் பேசாதீங்க."

மேடம் தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தார். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

தணிகாசலத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கெடுவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான். இன்றைக்குமா வடை?

இருந்தாலும் எழுந்து போனார். சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பாருங்க, இந்த 'ழ' வால் இன்னும் சரியா வரல. அச்சுல ஏறினா அறுந்துபோகும்."

விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினார்.

"'சே'வுக்குக் கொம்பு சாய்ஞ்சிருக்கு. 'ந'வுக்கும் 'ல'வுக்கும் இடைவெளி சரியான்னு தெரியல. எட்ட நின்னு பாக்கணும்."

எட்டப் போனார். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் முதுகு மேஜையில் இடித்தது.

அங்கேயே நின்றுவிட்டார்.

'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.'

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"எப்ப மேடம்?"

"இப்பத்தான். உங்க வீட்ல உங்களுக்குப் பண்ணிப் பாத்துட்டு எனக்குப் பண்ணாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன் சார்."

ஐம்பத்தாறு வயது மனிதர் வெட்கமில்லாமல் அழுதார். அழுதுகொண்டே பையைத் தேடினார். அதை அப்போதே எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார்.

மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சார், பதிப்பாளருக்கு அனுப்பணும். அந்த 'ழ' வாலை நான் திருத்தி அனுப்பிடவா?"

தெருவிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எந்த 'ழ'?"