பாலத்துக்கு அடியில கேட்டு மூடின கதை

மொட்டப்பனையூர்க்காரங்க யார் என்ன சொன்னாலும் அப்படியே கேட்டுக்குவாங்க. நல்ல குணந்தான். ஆனா அந்தக் குணத்தால அந்த ஊரு பட்ட பாடு இருக்கே, அது நின்னுக்கிட்டுக் கேக்கற கதை இல்லை. உக்காந்துக்கோங்க.

ஊருக்குக் குறுக்கால ரயில் தண்டவாளம் போகுது. ரோடு அதைத் தாண்டற இடத்துல ஒரு ரயில்வே கேட்டு. கேட்டு மூடினா பஸ்ஸு, லாரி, வைக்கோல் வண்டின்னு வரிசை கட்டி நிக்கும். அப்பதான் சீனியம்மா தலையில கூடையோட வருவா. வெள்ளரிப்பிஞ்சை நாலாக் கீறி, உப்பும் மொளகாப்பொடியும் தடவி, பஸ் ஜன்னல் வழியா நீட்டுவா. புருஷன் இல்லாதவ. அவளும் அவ புள்ளைங்களும் சோறு தின்னது அந்தக் கேட்டாலதான்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப காலத்துக்கு முந்தி இருந்த கேட்கீப்பர், "ரயில் கூவுச்சுன்னா அவங்கவங்க நின்ன இடத்துல நில்லுங்க"ன்னு சொல்லிவச்சாரு. கேட்டுக்கிட்ட வந்தவங்களுக்குத்தான் சொன்னாரு. ஊரே கேட்டுக்கிச்சு. ரயில் கூவினா, தண்ணி எறைக்கறவன் வாளியைப் பாதிக் கெணத்துல தொங்கவிட்டுக்கிட்டு நிப்பான். தோசை சுடறவ தோசைத்திருப்பியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பா. அந்த ஊரு தோசை எப்பவும் ஒரு பக்கம் கருப்பு. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை தாலியை எடுத்துப் பொண்ணு கழுத்துக்கிட்ட கொண்டுபோறான், கூட்ஸ் வண்டி கூவிருச்சு. கூட்ஸோ நீளம், முகூர்த்தமோ குட்டை. தாலியை மறுபடி தாம்பாளத்துலயே வச்சுட்டு எல்லாரும் பாயாசம் குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

பாயாசம்னதும் ஞாபகம் வருது. சுகாதார முகாமுக்கு வந்த ஒரு நர்ஸம்மா, "நடந்துக்கிட்டே எதையும் தின்னாதீங்க, உக்காந்து தின்னாத்தான் உடம்புல ஒட்டும்"னு சொல்லிட்டுப் போச்சு. அன்னையிலருந்து அந்த ஊர்ல நடக்கறவன் வாயில வெத்தலைகூட இருக்காது. சரி, கேட்டுக்கு வருவோம்.

ஒருநாள் இன்ஜினியர் ஒருத்தர் ஜீப்புல வந்து எறங்கினாரு. "இனிமே உங்களுக்குக் கஷ்டமே இல்லை. கேட்டை எடுத்துட்டு ரோட்டுக்கு மேம்பாலம் கட்டப் போறோம்"னாரு.

சீனியம்மா கூடையை எறக்கி வச்சா. "அப்ப பஸ்ஸு எங்க சார் நிக்கும்?"

"எங்கயும் நிக்காதும்மா. விர்ருன்னு மேல ஏறிப் போயிரும்."

அவ அழுதுக்கிட்டே நேரா பஞ்சாயத்துத் தலைவர் வெயிலுமுத்துகிட்ட ஓடினா. அங்க மினிபஸ் டிரைவர் கடற்கரையும் இருந்தான். பேருதான் கடற்கரை, கடலைக் கண்ணால பாத்ததில்லை. ஒரு தடவை பாக்கலாம்னு கெளம்பினான். வழியில ஒருத்தர் "நேராப் போ"ன்னாரு. ரோடு வளைஞ்சுது, இவன் வளையலை. ரெண்டு வாழைத்தோட்டமும் ஒரு கோழிப்பண்ணையும் தாண்டித்தான் வண்டி நின்னுச்சு.

"இதுக்கா மதினி அழுதீங்க? பஸ்ஸு மேல போனா நீங்களும் கூடையோட மேல வாங்க"ன்னான் கடற்கரை.

"நான் வருவேன் கொழுந்தனாரே. பஸ்ஸு நிக்கணுமே?"

"ரயில் கூவினா நிக்காம எப்படிப் போவேன்?"

வெயிலுமுத்து தாடையைத் தடவினாரு. "ரயிலு கீழல்லடா போகும்?"

"ரயிலு கீழ போகும் அண்ணாச்சி. சத்தம் மேல வருமில்ல?"

தலைவர் ரொம்ப நேரம் யோசிச்சுப் பாத்துட்டு, "வரும்"னாரு.

பாலம் கட்டி முடிஞ்சுது. பழைய கேட்டுக் கம்பத்தைக் கழட்டி ஓரமாச் சாத்திட்டுப் போயிட்டாங்க. மொத நாள் மினிபஸ் பாலத்து உச்சிக்குப் போகவும், கீழ ரயில் கூவவும் சரியா இருந்துச்சு. கடற்கரை பிரேக்கை மிதிச்சான். பின்னால வந்த அத்தனை வண்டியும் நின்னுச்சு. சீனியம்மா கூடையோட ஓடியாந்தா. காத்து வேற சிலுசிலுன்னு அடிக்குது, ரயிலோட முதுகும் தெரியுது, வெள்ளரிக்கா வித்துப் பறந்துருச்சு. இந்தப் பாலத்தை முன்னாடியே கட்டியிருக்கக்கூடாதான்னு அவளுக்குத் தோணிருச்சு.

ஆனா வரிசை டவுன் வரைக்கும் போயிருச்சு. இன்ஜினியர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேந்தாரு.

"ஏய்யா நிக்கறீங்க? நிக்காம போறதுக்குத்தான பாலமே? இனிமே ரயில் வந்தா யாரும் நிக்கக்கூடாது. என்ன வேலையா இருந்தாலும் சரி, போய்க்கிட்டே இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்"னாங்க எல்லாரும். புரிஞ்சும்போச்சு.

மறுநாள் ரயில் கூவுச்சு. ஊரே கெளம்பிருச்சு. சவரக்கடையில பாதி மீசையோட ஒருத்தன் எழுந்து போறான், கத்தியைப் புடிச்சுக்கிட்டு நாவிதரும் கூடவே போறாரு. சோப்பு போட்டவன் சோப்போட போறான். மினிபஸ்ல எறங்கவேண்டியவங்க எல்லாம், ரயில் போய் முடியற வரைக்கும் ஸ்டாப்பு ஸ்டாப்பா டாட்டா காட்டிக்கிட்டே போறாங்க. அந்தத் தாலி கட்டாத மாப்பிள்ளைக்கு மறுபடி நாள் குறிச்சிருந்தாங்க. தாலியை எடுக்கறான், கூட்ஸு கூவுது. மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், மேளம் எல்லாம் கெளம்பி, மூணாவது முடிச்சு பக்கத்து ஊர்ல விழுந்துச்சு.

எல்லாருக்கும் எப்படியோ நடந்துச்சு, சீனியம்மாவுக்குத்தான் நடக்கலை. ரயில் இல்லாதப்ப பஸ்ஸு நிக்க வேலையில்லை. ரயில் வந்தா நிக்கக்கூடாது. ஊர்க்காரங்ககிட்டயாவது விக்கலாம்னா, கூட ஓடிப் போய் நீட்டினா, "நடக்கேன்ல மதினி, எப்படித் திங்க?"ங்கறாங்க. நிறைஞ்ச கூடை நிறைஞ்சபடியே வீட்டுக்கு வந்துச்சு. வெள்ளரிக்கா சாம்பார், வெள்ளரிக்கா பொரியல், வெள்ளரிக்கா அவியல். சின்னப்புள்ளை சோத்துச்சட்டியைத் தெறந்து பாத்து அழுதுச்சு.

மறுபடி தலைவர்கிட்ட போனா. "அண்ணாச்சி, எதாச்சும் ஒண்ணு நிக்கணும். இல்லாட்டி நான் எப்படிப் பொழைக்க?"

"நாம நிக்கக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரேம்மா."

"நம்மளைத்தான அண்ணாச்சி சொன்னாரு? ரயிலைச் சொன்னாரா?"ன்னான் கடற்கரை.

வெயிலுமுத்து யோசிச்சாரு. "சொல்லலை. இத்தனை காலமா அதுக்காக நாம நின்னோம். இனிமே நமக்காக அது நிக்கட்டும். அதுதான் முறை."

ஓரமாக் கெடந்த கேட்டுக் கம்பத்தைத் தூக்கிட்டு வந்து, ரோட்டுக்குப் பதிலாத் தண்டவாளத்துக்குக் குறுக்கால போட்டாங்க. தலைவர் தன்னோட செவப்புத் துண்டை அதுல கட்டினாரு. தூரத்துலயே செவப்பைப் பாத்துட்டு பாசஞ்சர் வண்டி மெதுவா வந்து நின்னுச்சு. டிரைவர் எறங்கி வந்தாரு.

"தண்டவாளத்துல எதுக்குய்யா கேட்டு போட்டிருக்கீங்க?"

"மேல பஸ்ஸு வருது. போனதும் தெறந்துருவோம்."

"பஸ் பாலத்து மேலல்ல போகுது? ரயிலை இடிக்கவே இடிக்காதே?"

"இடிக்காதுன்னு எங்களுக்கும் தெரியும்"னாரு வெயிலுமுத்து. "இடிக்காதுங்கறதுக்காக முறையை விட்டுர முடியுமா?"

இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள சீனியம்மா ஜன்னல் ஜன்னலாப் போய் முக்காக் கூடையைக் காலி பண்ணிட்டா.

தகவல் கேட்டு இன்ஜினியர் வந்தாரு. கம்பத்தைப் பாத்தாரு, ரயிலைப் பாத்தாரு, பாலத்தைப் பாத்தாரு.

தலைவர் ஆறுதலாச் சொன்னாரு. "ரயிலு நிக்கறது எங்களுக்கும் மனசுக்குச் சங்கடந்தான் சார். எங்களுக்குக் கட்டிக் குடுத்த மாதிரி, எங்க பாலத்துக்கு மேல அதுக்கும் ஒரு பாலம் கட்டிக் குடுத்துருங்க."

இன்ஜினியர் அப்படியே ஒரு கல்லு மேல உக்காந்துட்டாரு. "மொதல்ல கேட்டைத் தெறங்கய்யா"ன்னாரு. தெறந்தாங்க. ரயில் கூவுச்சு. ஊரே கெளம்பிருச்சு. அவரு மட்டும் உக்காந்திருக்காரு.

"சார் சொன்னதை சாரே மீறினா ஊரு என்ன பேசும்?"ன்னு கடற்கரை ஒரு பக்கமும் வெயிலுமுத்து ஒரு பக்கமுமாப் புடிச்சு, அவரைத் தூக்கித் தோள்ல உக்கார வச்சுக்கிட்டு நடந்தாங்க. வெயிலு மண்டையைப் பொளக்குது. சீனியம்மா பின்னாலயே ஓடிப் போய் ஒரு வெள்ளரிக்கீத்தை நீட்டினா.

"தின்னுங்க சார். உங்களுக்கென்ன, நீங்க உக்காந்துதான இருக்கீங்க."

தாகத்துல அவரும் வாங்கித் தின்னாரு. அதை ஊரே பாத்துச்சு.

இப்ப மொட்டப்பனையூருக்குப் போனீங்கன்னா நீங்களே பாக்கலாம். ரயில் கூவினா ஊர்ல பாதிப்பேரு மீதிப்பேரைத் தோள்ல ஏத்திக்கிட்டுப் பாலத்து மேல போறாங்க. தூக்கறவங்க நிக்கலை, மேல இருக்கறவங்க நடக்கலை. உக்காந்திருக்கறவங்க அத்தனை பேரும் வெள்ளரிக்கா திங்கறாங்க. சீனியம்மாவுக்குக் கூடை பத்தலை, ரெண்டாவது கூடை வாங்கிட்டா.

இன்ஜினியர் சார் இன்னும் அந்த ரெண்டு பேரு தோள்லதான் இருக்காரு. எறக்குங்க, எறக்குங்கன்னுதான் சொல்றாரு. எங்க எறக்கணும்னு சொல்லமாட்டேங்காரு.