பைக்குள் இருந்த ஜோடி

தணிகாசலம் மேடேறி வந்தபோது வேதவல்லி அம்மா முற்றத்தில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். இமயத்தின் அடிவாரத்தில் இருந்த சின்ன ஆசிரமம் அது. அவனைவிட அவர் மூன்று வயது இளையவர். ஆனாலும் ஏழு வருடமாக அவரைத்தான் அவன் குரு என்று சொல்லிவந்தான்.

வணங்கினான். உட்காரவில்லை.

"அம்மா, ஒரு வருஷம் மௌன விரதம் இருக்கணும். அனுமதி கொடுங்க."

"என்ன நடந்தது?"

தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

பள்ளிக்கூட நாள் முதல் கூட்டாளிகள் மூன்று பேர் பனிமலை ஏறினார்கள். அவன், அருளப்பன், சாகுல். கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, விடிந்ததும் இறங்கத் தொடங்கினார்கள். அருளப்பன் பூட்ஸ் கயிறு கட்டுவதற்காகக் கையுறைகளைக் கழற்றிவைத்தான். அடித்த காற்றில் இரண்டும் பள்ளத்துக்குள் போய்விட்டன.

சாகுல் முன்னால் வலது கையால் கயிறு பிடித்து இறங்க வேண்டியவன். அதனால் தன் இடது கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். அருளப்பன் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கம்பை ஊன்றி நடந்தான்.

தணிகாசலத்தின் பையில் இன்னொரு ஜோடி இருந்தது. புதிது. காய்ந்தது.

"ஏன் கொடுக்கல?" என்றார் அம்மா.

"என்னோடது நனைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு முதல்ல யோசிச்சேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கொடுக்கலாம்னு நினைச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் எப்படிம்மா எடுப்பேன்? இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தேன்னு கேட்பாங்களே."

ஆறு மணி நேரம் அப்படியே நடந்தார்கள். கடைசியில் தள்ளாடிய அருளப்பனின் மூட்டையைத் தணிகாசலம் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

அருளப்பன் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவன். மூன்று வாரம் பார்த்துவிட்டு, பனியில் கறுத்துப்போன அவனுடைய வலது கை விரல்கள் இரண்டை டாக்டர்கள் நேற்று பாதிவரை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"ஊர்ல இருந்து போன் பண்றவங்ககிட்டயெல்லாம், தணிகாசலம்தான் என் சுமையைத் தூக்கிட்டு வந்தான்னு சொல்றான். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். அதான், இனிமே இந்த வாய் பேசவே கூடாதும்மா."

"அதை மலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களே" என்றார் அம்மா.

அவன் முகம் கறுத்தது.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

"உங்களுக்கு மட்டும்தான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். மண் ஒட்டிய தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினார்.

"என் விரல் பத்தும் நல்லாத்தானே இருக்கு?"

தணிகாசலம் வந்த வழியே இறங்கினான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். அருளப்பன் கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"சாகுல்கிட்டயும் சொல்லிடுடா. வலது கையுறையைக் கொடுக்காம இடதைக் கொடுத்துட்டேனேன்னு மூணு வாரமா அவன் தூங்கல."

தணிகாசலத்துக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

வராந்தாவில் சாகுல் டீ குடித்துக்கொண்டிருந்தான். தணிகாசலம் சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தையே சாகுல் பார்த்தான். திட்டவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், வேறு பெஞ்சில் உட்கார்ந்தான்.

மறுநாள் பிற்பகல் தணிகாசலம் மறுபடியும் ஆசிரமத்துக்கு வந்தான். இந்த முறை தரையிலேயே உட்கார்ந்தான்.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன்மா. அருளப்பன் அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாகுல் மூணு வாரமாத் தூங்கலையாம், அவனும் என் பக்கமே திரும்பல. அவங்க என்னை மன்னிப்பாங்களா?"

அம்மா வேறொன்று கேட்டார்.

"அருளப்பனுக்குச் சோறு யார் ஊட்டுறாங்க?"

"சாகுல்தான். மூணு வேளையும்."

"அவர் தூங்கி மூணு வாரம் ஆச்சுன்னீங்க. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள போகணும், கீழே போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். கிளம்புங்க."