செவ்வந்தி தின்ற எலி

ஒரு தப்பு நடந்தால் அதை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பதுதான் உலக வழக்கம். ஒரே பழிக்கு மூன்று பேர் வந்து, "எனக்குத்தான், எனக்குத்தான்" என்று மல்லுக்கு நின்றதைக் கேட்டதுண்டா? கோயம்புத்தூரில் நடந்தது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

சாந்தாமணி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அவள் தம்பி நந்தகோபால் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனபோது தன் வளர்ப்புப் பாம்பை அவளிடம் விட்டுப் போனான். பெயர் செவ்வந்தி. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு. முறையாகப் பதிவு செய்து வாங்கியது. விஷம் கிடையாது. இருந்தும் முதல் வாரம் சாந்தாமணி அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. ஆறு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். தோளில் செவ்வந்தி இல்லாவிட்டால் இப்போது அவளுக்குத் தையல் ஓடாது.

"முப்பது வருஷம் உயிரோட இருக்கும்க்கா. நான் கப்பலை விட்டு வர்றப்ப எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும்" என்றிருந்தான் தம்பி.

"குடுப்பேன்டா, போய்ட்டு வா" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கப்பல் துறைமுகம் சேரும்போதெல்லாம் போன் வரும். முதலில் செவ்வந்தியின் நலம் கேட்பான், பிறகுதான் அக்காள் நலம்.

தம்பியின் சிநேகிதன் ஜெரால்டும் பாம்பு வளர்ப்பவன். வீட்டுக்கு வந்தால் செவ்வந்தியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் காப்பியே கேட்பான். நாகர்கோவிலில் தங்கைக்குக் கல்யாணம் என்று, ஒரு திங்கட்கிழமை காலை, தான் புதிதாக வாங்கிய 'மிளகு' என்ற பாம்பைப் பெட்டியோடு கொண்டுவந்தான்.

"பத்து நாள் பாத்துக்கங்கக்கா. புதுப் பாம்பு, தனி ரூம்ல வச்சிடுங்க."

"அதுக்கென்ன கண்ணு, இருந்துட்டுப் போகட்டும். காப்பி குடிச்சுட்டுப் போ."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

அன்றைக்கு அவன் வாசற்படியே தாண்டவில்லை. செவ்வந்தியைப் பார்க்கவும் போகவில்லை. கைகளில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டே கிளம்பிவிட்டான். கல்யாண அவசரம் என்று நினைத்துக்கொண்டாள் சாந்தாமணி.

சொன்னபடியே மிளகுக்குத் தனி அறை, தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். புதன்கிழமை தீனி நாள். உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி மிளகிடம் நீட்டினாள். அது கவ்வியது, இறுக்கியது, பிறகு என்ன நினைத்ததோ, அப்படியே போட்டுவிட்டு மூலைக்குப் போய்விட்டது. இளகிய எலியை மறுபடி உறைய வைக்கக் கூடாது. குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. பல பாம்புகள் இருக்கும் வீடுகளில் ஒன்று வேண்டாம் என்றதை இன்னொன்றுக்குப் போடுவது வழக்கம்தான் என்று தம்பி சொன்ன ஞாபகம் வேறு. செவ்வந்தியிடம் நீட்டினாள். அது ஆசையாகத் தின்றது.

ஜெரால்டு திரும்பி வந்து மிளகை எடுத்துக்கொண்டான். "தனியாத்தானே வச்சிருந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டான். "தனியாத்தான்டா" என்றாள். நிம்மதியாகப் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்துச் செவ்வந்திக்கு மூச்சு இரைத்தது. வாயோரம் கோழை நுரைத்தது. கால்நடை மருத்துவர் ரெஹானா வாய்க்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பாம்புக்குப் பாம்பு ஒட்டும் வைரஸ், எச்சில் பட்டாலே போதும் என்றார். மருந்து இல்லை. இரண்டு மாதம் தவித்துவிட்டு, ஒரு மத்தியானம் சாந்தாமணியின் மடியிலேயே செவ்வந்தி அடங்கிவிட்டது.

மறுநாள் தம்பியின் போன் வரும் நாள். மேஜைமேல் போனை வைத்துவிட்டு சாந்தாமணி, ஜெரால்டு, டாக்டர் ரெஹானா மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நான்தான் பேசணும்," என்றார் டாக்டர். "மிளகுக்குச் சளின்னு ஜெரால்டு ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே எங்கிட்ட கொண்டுவந்தார். டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். அவர் ஊருக்குப் போன வாரம் வெள்ளிக்கிழமையே ரிசல்ட் வந்துடுச்சு, இதே வைரஸ். அவர் போனை எடுக்கல. திங்கட்கிழமை சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். மிளகு உங்க வீட்ல இருக்குன்னு தெரியாமப் போச்சு."

"இல்ல டாக்டர், தப்பு என்னோடது," என்றான் ஜெரால்டு. "உறுதியாகாததைச் சொல்லி அக்காவை எதுக்குப் பயமுறுத்தணும்னு, தனியா வைங்கன்னு மட்டும் சொன்னேன். சத்தியமா வைரஸா இருக்கும்னு நான் நம்பலை."

சாந்தாமணி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. எலியை நீட்டுனது இந்தக் கைதானே? தனியா வைன்னு சொல்லியும், எச்சில் பட்டதைக் கொண்டுபோய்க் குடுத்தேனே! ஐயோ, எத்தனை ஆசையாத் தின்னுச்சு!"

போன் அடித்தது.

கேட்டீர்களா? செவ்வந்தியின் சாவுக்கு இந்த மூவரில் யார் பொறுப்பு? அந்தப் போனை யார் எடுக்க வேண்டும்?

விடை: டாக்டர் சுணங்கியது வெள்ளிக்கிழமை, எலி போனது புதன்கிழமை. அன்றே அவர் சொல்லியிருந்தாலும் செவ்வந்தி பிழைத்திருக்காது. தனியாக வைக்கச் சொன்ன காரணத்தை ஜெரால்டு சாந்தாமணியிடம் சொல்லியிருந்தால் எலி குப்பைக்குப் போயிருக்கும். அவனோ வைரஸ் என்று நம்பவில்லை என்கிறான். நம்பாதவன் எப்போதும் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பாம்பை அன்றைக்கு மட்டும் ஏன் தொடவில்லை? கையை ஏன் தேய்த்துக்கொண்டான்? சொன்னால் மிளகை வாங்கிக்கொள்ள மாட்டாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டான். பொறுப்பு அவனுடையதே. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். போனை அவன்தான் எடுத்தான். ஆனால் மறுமுனையில் நந்தகோபால், "ஜெரால்டா? அக்காகிட்ட குடுடா" என்றான். வாக்குக் கொடுத்தவள் அவளாயிற்றே. சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.