மயிலுக்குக் கட்டிய அரங்கம்

ஒரு காட்டில், குழந்தைகளே, அகலமான பாறை ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் முதல் மழை பெய்யும் நாளில் அந்தப் பாறையில்தான் திருவிழா. தவளைகள் தாளம் போடும். மயில் ஆடும். பக்கத்து மலையிலிருந்து கரடியார் தம் கூட்டத்தோடு வந்து பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கூடி உட்கார்ந்து நாக்கு நீலமாகும்வரை நாவல்பழம் தின்பார்கள். அந்தக் காட்டுக்கு இருந்த ஒரே கொண்டாட்டம் அதுதான்.

ஒருமுறை மழை கொஞ்சம் பலமாகவே பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

"யானையாரே, ஆட்டம் அருமை" என்றார் கரடியார். "ஆனால் எங்கள் குட்டிகள் நடுங்குவதைப் பாருங்கள். அடுத்த முறையும் இப்படித்தான் என்றால், விழாவை எங்கள் மலைக்கே கொண்டுபோய்விடுவோம். மயிலும் அங்கே வந்து ஆடட்டும்."

யானையார்தான் அந்தக் காட்டின் தலைவர். எதற்கும் பதறாதவர். அவருக்கே பகீரென்றது. விருந்தாளிகள் போனதும் எல்லா விலங்குகளையும் அழைத்தார்.

"பாறைமேல் ஓர் அரங்கம் கட்ட வேண்டும். பார்ப்பவர்கள் நனையக் கூடாது. மயில் சுகமாக ஆட வேண்டும். யார் கட்டுவீர்கள்?"

"நான் இருக்கும்போது வேறு யாரைத் தேடுகிறீர்கள்?" என்று ஒரு குரல் கேட்டது.

பின்னலன் என்ற தூக்கணாங்குருவிதான் அது. மஞ்சள் தலை, குட்டி உடம்பு. ஏரிக்கரைப் பனையில் அவன் பின்னிய கூடுகளை எந்தப் புயலாலும் அறுக்க முடிந்ததில்லை. கெட்டிக்காரன். தான் கெட்டிக்காரன் என்பது தனக்கே நன்றாகத் தெரிந்த கெட்டிக்காரன்.

ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியாது. மயில் ஆடி அவன் பார்த்ததே இல்லை. முதல் மழை நாளில் எல்லோரும் பாறைக்கு ஓடும்போது அவன் பனை ஓலையைக் கிழித்துக்கொண்டு கூட்டு வேலையில் மூழ்கியிருப்பான். 'ஆட்டத்தில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? ஆளின் அளவு தெரிந்தால் போதாதா?' என்பது அவன் எண்ணம்.

மறுநாளே அளவெடுக்கக் கிளம்பினான். மயிலை நிற்க வைத்து, ஓர் ஓலைக் கீற்றை அலகில் கவ்வி, தலையிலிருந்து தோகை நுனிவரை பிடித்துப் பார்த்தான்.

மயில் ரொம்பவும் அடக்கமான பிராணி. "குருவியாரே, ஒன்று சொல்லலாமா?" என்று மெல்லக் கேட்டது.

"அசையாதீர்கள்! அளவு தப்பிவிடும்."

"இல்லை, நான் ஆடும்போது எனக்கு மேலே..."

"மேலே எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கவலையை விடுங்கள். திறப்பு விழாவன்று பார்த்து அசந்துபோவீர்கள்."

மயில் மறுபடி நிமிர்ந்து நின்றுகொண்டது.

வேலை மும்முரமாகத் தொடங்கியது. குரங்குகள் மூங்கில் சுமந்தன. பின்னலனின் சொந்தக்காரக் குருவிகள் எல்லாம் வந்து ஓலையும் புல்லுமாகப் பின்னித் தள்ளின. சுற்றிலும் வாழை இலைகளால் மறைப்புக் கட்டி, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டான் பின்னலன்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னியதும் நிறுத்திவிடும். பெண் குருவி வந்து, உள்ளே உட்கார்ந்து, நாரை இழுத்துப் பார்த்து, சரி என்றால்தான் மீதி வேலை. பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு பாதியிலேயே தொங்க வேண்டியதுதான். அதனால் அரங்கம் பாதி எழும்பியதும் பின்னலனின் மனைவி கேட்டாள்.

"மயிலை ஒருமுறை உள்ளே அழைத்துக் காட்டுங்களேன். எனக்குக் காட்டவில்லையா?"

"உனக்குக் காட்டியது வேறு. அது குடும்ப விஷயம். இது கலை! எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்து மூச்சடைத்துப் போக வேண்டும்."

"ஆடப்போவது மயில்தானே?"

"கட்டுவது நான்தானே?" என்றான் பின்னலன்.

முதல் மழை நாள் வந்தது. மேற்கே மேகம் கூடத் தொடங்கியது. கரடியார் தம் கூட்டத்தோடு வந்துவிட்டார். பின்னலன் சைகை காட்ட, குரங்குகள் வாழை இலை மறைப்பைச் சரசரவென்று இழுத்தன.

அவ்வளவுதான். எல்லோருக்கும் மூச்சடைத்துத்தான் போயிற்று.

பாறைமேல் பொன்னிறத்தில் ஒரு பெரிய உருண்டை நின்றது. சாய்த்து வைத்த சுரைக்காய் மாதிரி வயிறு பருத்து, கழுத்து நீண்டிருந்தது. ஓர் இழை பிசகவில்லை. ஊசி நுழையக்கூட இடுக்கு இல்லை. அந்த நீண்ட கழுத்துத்தான் வாசல். உள்ளே போக ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போக வேண்டும்.

"அம்மாடி!" என்றார் கரடியார். மான்களுக்குக் கண் இமைக்க மறந்துபோனது. பின்னலனுக்குத் தலைகால் புரியவில்லை.

யானையார் பெருமையோடு முதலில் உள்ளே நுழையப் போனார். தும்பிக்கை போனது. நெற்றி போகவில்லை.

"என்னப்பா இது? நான் எப்படிப் போவது?"

"பாம்பு நுழையக் கூடாது என்று வாசலைக் குறுக்கிவிட்டேன், யானையாரே."

"நான் பாம்பா?"

பின்னலன் திருதிருவென்று விழித்தான். யானையாரை அவன் அளவெடுக்கவே இல்லை. ஆனால் அவரோ பெருந்தன்மையோடு, "பரவாயில்லை, நான் வெளியே காவலுக்கு நிற்கிறேன். விருந்தாளிகள் நனையாமல் இருந்தால் போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் வரிசையாகக் குனிந்து உள்ளே போனார்கள். மயிலை முதலில் அனுப்பி நட்டநடுவில் நிற்க வைத்தார்கள். அதைச் சுற்றித் தவளைகளும், தவளைகளைச் சுற்றி விருந்தாளிகளும் உட்கார்ந்தார்கள்.

உள்ளே பகலிலும் இருட்டு. சுவரில் களிமண் உருண்டைகளை அப்பி, அவற்றின்மேல் மின்மினிப் பூச்சிகளை உட்கார வைத்திருந்தான் பின்னலன். வெதுவெதுவென்று இருந்தது. காற்றில்லை. கரடிக் குட்டிகள் சொக்கி விழுந்தன.

"ஆரம்பிக்கலாம்!" என்றான் பின்னலன்.

மயில் நின்றது. தவளைகள் மயிலைப் பார்த்தன. மயில் கூரையைப் பார்த்தது.

"ஆடுங்கள், மயிலாரே!"

"மேகம் வந்துவிட்டதா?" என்று கேட்டது மயில்.

"வந்திருக்கும்."

"எங்கே?"

"எங்கே என்றால்? வெளியேதான்!"

"நான் அதைப் பார்க்க வேண்டுமே" என்றது மயில்.

பின்னலனுக்கு ஒன்றும் புரியவில்லை. "பார்த்தால்தான் ஆடுவீர்களா?"

"மேகத்தைப் பார்த்தால் தோகை தானாக விரியும். நானாக விரி என்றால் விரியாது. குயிலிடம் கேளுங்கள், மானிடம் கேளுங்கள், எல்லோருக்கும் தெரியும்."

பின்னலன் சுற்றிலும் பார்த்தான். எல்லாத் தலைகளும் ஆமாம் என்று ஆடின. மின்மினி வெளிச்சத்தில் அத்தனை கண்களும் அவனையே பார்த்தன.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கத்தினான்.

"சொல்ல வந்தேன். அசையாதீர்கள் என்றீர்கள்."

"தவளைகளே! நீங்களாவது தாளம் போடுங்கள்!"

"காலடியில் ஈரமே இல்லையே, அண்ணா" என்றது ஒரு தவளை. "தொண்டை காய்கிறது. தாளம் எங்கிருந்து வரும்?"

பின்னலன் விடவில்லை. குரங்குகளை விட்டுச் சுவரைத் தட்டச் சொன்னான். "இதோ இடி! இப்போது ஆடுங்கள்!" பாவம் மயில், விருந்தாளிகள் முன்னால் குருவிக்குத் தலைகுனிவு வரக் கூடாதே என்று முக்கி முக்கித் தோகையைத் தூக்கிப் பார்த்தது. பாதி எழும்பிய தோகை நனைந்த துணிபோலத் தொப்பென்று விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் கண் கலங்கியதைப் பின்னலன் பார்த்துவிட்டான்.

அப்போது எங்கோ தொலைவில் யானையார் பிளிறுவது மாதிரி இலேசாக ஒரு சத்தம் கேட்டது.

'வெளியே நிற்கவிட்டோம் என்று கோபமாக்கும்' என்று எண்ணிக்கொண்டு பின்னலன் வாசல் வழியே பறந்து போனான். வெளியே தலையை நீட்டியதுதான் தாமதம், உறைந்துபோனான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது! பாறையெங்கும் நீர் ஓடியது. மேகம் மரத்தலைகளைத் தொட்டுக்கொண்டு தாழ நின்றது. காடே கறுத்துக் குளிர்ந்து கிடந்தது. இத்தனை மழையில் ஒரு துளி உள்ளே இறங்கவில்லை. மழைச் சத்தம்கூட நுழையவில்லை. அவ்வளவு நெருக்கமான பின்னல்!

"எவ்வளவு நேரமாகக் கத்துகிறேன்!" என்றார் யானையார். "இப்படி ஒரு மேகம் எந்த ஆண்டும் வந்ததில்லை. மயிலை வெளியே கூப்பிடு!"

பின்னலன் உள்ளே பாய்ந்தான். "மழை! மழை! எல்லோரும் வெளியே வாருங்கள்!"

அவ்வளவுதான், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தார்கள். முதலில் நுழைந்த மானின் கொம்பு பின்னலில் மாட்டிக்கொண்டது. அதன் பின்னால் குரங்குகள் முட்டின. குரங்குகளின் பின்னால் கரடியார் செருகிக்கொண்டார். குட்டிகள் வீல் என்று அலறின. எல்லோருக்கும் கடைசியில், நட்டநடுவில், மயில் நின்றது.

"வழி விடுங்கள், ஐயா! மேகம் போய்விடும்!" என்று முதல்முறையாக அது குரல் உயர்த்திக் கதறியது.

பின்னலன் அலகால் சுவரைக் கொத்தினான். ஒரு நார்கூட அசையவில்லை. அவன் போட்ட முடிச்சாயிற்றே! கூட்டத்தின் தலைக்கு மேலே இருந்த சந்து வழியாகத் தவித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"சுவரைப் பிய்த்துவிடட்டுமா?" என்று கேட்டார் யானையார். "தும்பிக்கையால் ஓர் இழுப்பு. மயில் அப்படியே வெளியே வந்துவிடும். நீ கட்டியது, அதனால் கேட்கிறேன். சரி என்று சொல்."

பின்னலன் திரும்பிப் பார்த்தான். தன் அரங்கத்தை மழையில் அவன் பார்ப்பது அதுவே முதல் முறை. துளிகள் பொன்னிழைகளின்மேல் உருண்டு உருண்டு இறங்கின. என்ன அழகு! இதையா பிய்ப்பது?

"கொஞ்சம் பொறுங்கள். இதோ, மான் வந்துவிடும்."

மான் வரவில்லை. உள்ளே கூச்சல் கூடியது.

"மேகம் கலைகிறதப்பா" என்றார் யானையார். "பிய்க்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம்! வாசல் வழியாகவே வந்துவிடுவார்கள்!"

மழை மெலிந்தது. தூறலானது. மேற்கே வெளுத்தது. அப்போதுதான் பின்னலனுக்குச் சுருக்கென்றது.

"பிய்யுங்கள்! யானையாரே, பிய்யுங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

யானையார் ஒரே இழுப்பு இழுத்தார். மூங்கில்கள் படபடவென்று முறிந்தன. பொன்னிறச் சுவர் கிழிந்து சரிந்தது. உள்ளே வெளிச்சம் பளீரென்று பாய்ந்தது. மயில் ஓடி வந்து பாறையின் நடுவில் நின்று, கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தது.

மேலே துடைத்து வைத்தது போல நீல வானம். ஒரு பொட்டு மேகம் இல்லை.

தோகை விரியவில்லை. மயில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு விருந்தாளிகளைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கிவிட்டு, தோகை ஈரப் பாறையில் இழுபட, மரங்களுக்குள் போய்விட்டது. பின்னலன் கூப்பிட வாயெடுத்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

கரடியார் மேலெல்லாம் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்குகளைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"யானையாரே, வருத்தப்படாதீர்கள். இனி விழா எங்கள் மலையில் நடக்கட்டும். மயிலை அனுப்பி வையுங்கள், நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்."

யானையார் சரி என்று தலையாட்டினார். நாவல்பழக் குவியல் தொடுவாரில்லாமல் கிடந்தது. குட்டிகளை முன்னே விட்டுக்கொண்டு நடந்த கரடியார், கிழிந்து கிடந்த அரங்கத்தின் அருகில் வந்ததும் நின்றார். ஓர் இழையை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். அவர் மனதில் குத்தலோ கேலியோ கொஞ்சமும் இல்லை. உண்மையாகவே வருந்திச் சொன்னார்.

"அடடா! இவ்வளவு நல்ல கூட்டைப் போய் பிய்த்துவிட்டீர்களே."

"கூடா?" என்றான் பின்னலன்.

"பின்னே?" என்றார் கரடியார்.

நீதி: கட்டிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அவரைவிடப் பெரிதல்ல.