சுருளுக்குள் இருந்த இன்னொரு பாய்

நாணல் ஏரியின் தென்கரையில் ஒரு முள்ளம்பன்றித் தம்பதி வசித்து வந்தது. கணவன் பெயர் சிலுப்பன். மனைவி பெயர் நெருஞ்சி. அவர்களுடைய வளை ஆழமானது, வசதியானது. ஒரே குறை, அதன் வாசல் ஏரியைப் பார்த்து இருந்தது. மழை பெய்தால் சாரல் நேராக உள்ளே அடிக்கும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து வடகரையில் இருந்தது. அங்கே பனைமரங்களில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் குடியிருந்தன. பனையோலையைக் கீறி அவை பின்னும் பாயில் ஒரு சொட்டு நீர் இறங்காது. விதையோ தானியமோ கொடுத்தால் பின்னித் தரும். பின்னிய பாயைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு, ஏரி தாண்டி வந்து உரியவரிடம் சேர்ப்பது கயலன் என்ற நீர்நாயின் வேலை.

அந்த வருடம் சிலுப்பன் மூங்கிலரிசி கொடுத்து ஒரு பாய் கேட்டிருந்தான்.

மேகம் திரண்டு காற்று சுழற்றியடித்த ஒரு மாலையில் கயலன் வந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“பிடிங்க அண்ணே, உங்க பாய். இன்னும் நாலு வீட்டுக்குக் கொடுக்கணும். மழை இறங்கறதுக்குள்ள முடிக்கணும்” என்று சுருளை வாசலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

சிலுப்பன் சுருளைப் பிரித்தான். பிரிக்கப் பிரிக்க உள்ளிருந்து இன்னொரு பாய் உருண்டு விழுந்தது.

“நாம ஒண்ணுதானே கேட்டோம்?” என்றாள் நெருஞ்சி.

“ஒண்ணுதான்.”

“அப்ப இது வேற யாருதோ. கயலனைக் கூப்பிடுங்க.”

சிலுப்பன் ஏரியைப் பார்த்தான். கயலன் அதிக தூரம் போகவில்லை. கரையோரமாக அடுத்த துறையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தான். அலைகளுக்கு நடுவே அவன் தலை கறுப்பாகத் தெரிந்தது. உரக்கக் கூப்பிட்டால் கேட்டிருக்கும். சிலுப்பன் வாயைத் திறந்தான். அப்போது வளையின் பின்வாசல் நினைவுக்கு வந்தது. சாரல் அந்தப் பக்கமும்தான் அடிக்கும். வாயை மூடிக்கொண்டான்.

“அவன் போயிட்டான்” என்றான்.

“அதோ தெரியறானே.”

“இந்தக் காத்துல கேக்காது. நாம என்ன அவன் முதுகுல இருந்து உருவினோமா? அவனாத்தான் கொடுத்தான். யாராவது வந்து கேட்டா எடுத்துக் கொடுத்துடலாம். கேக்கலைன்னா பின்வாசலுக்கு ஆச்சு.”

“கேட்டா கொடுத்துடணும்” என்று மட்டும் சொன்னாள் நெருஞ்சி.

அன்று மழை பெய்யவில்லை. காற்று மட்டும் ஓயாமல் அடித்தது. சிலுப்பனுக்கும் ஓய்வில்லாமல் போயிற்று.

அவன் அந்தப் பாயைப் பின்வாசலில் தொங்கவிடப் போனான். அங்கே தொங்கவிட்டால் வழியில் போகிறவர்கள் பார்ப்பார்களே. திரும்பக் கொண்டுவந்து உள்ளே மூலையில் வைத்தான். மூலையில் வைத்தால் முன்வாசலிலிருந்தே தெரிவதுபோல் இருந்தது. கிழங்குக் குவியலுக்குப் பின்னால் தள்ளினான். பசிக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. புதைத்துவிடலாம் என்று குழி தோண்டினான். ஈரத்தில் ஓலை மக்கிவிடுமே என்று பாதியில் குழியை மூடினான்.

வெளியே சருகு அசைந்தால் அவன் முட்கள் தாமாக எழுந்து நின்றன. எழுந்த முட்களோடு வளைக்குள் திரும்ப முடியாமல் சுவரில் உரசிக்கொண்டான்.

“கொஞ்சம் உக்காருங்களேன்” என்றாள் நெருஞ்சி.

“உக்காந்துதானே இருக்கேன்” என்றான் சிலுப்பன், நடந்துகொண்டே.

யாராவது வந்து கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. கேட்டவுடன் கொடுத்துவிடலாம். நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால் யாரும் வரவில்லை. அவனே வெளியே கிளம்பினான். வழியில் ஒரு கீரி வந்தது.

“என்ன சேதி? இந்தப் பக்கம் யாருக்காவது ஏதாவது தொலைஞ்சு போச்சாமா?” என்று பேச்சுக் கொடுத்தான்.

“தெரியலையே. ஏன், உனக்கு ஏதாவது கிடைச்சுதா?” என்றது கீரி.

“எனக்கா? எனக்கு என்ன கிடைக்கப் போகுது?” என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குத் திரும்பினான். திரும்பி வந்தபின்தான், கீரி கேட்டதும் ஒரு கேள்விதானே என்று உறைத்தது. ‘அது சும்மா கேட்டது. அது கணக்கில்லை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலையில் பஞ்சி என்ற முயல் அவர்கள் வாசல் வழியே போனாள். முயலுக்கு வளை கிடையாது. மேட்டில் ஒரு காரைப் புதரடியில்தான் அவள் குடியிருப்பு. அங்கே குட்டி போட்டிருந்தாள். பால் கொடுத்துக் கொடுத்து மெலிந்திருந்தாள். வாசலில் தொங்கவிட்டிருந்த பாயைப் பார்த்து நின்றாள்.

“அழகா இருக்குண்ணே. எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன். கோடை பூரா புல்லு விதை பொறுக்கிச் சேத்துக் கொடுத்தேன். நேத்து வந்திருக்கணும். குருவிங்க மறந்துட்டாங்கபோல, அடுத்த நடையில எடுத்துட்டு வரேன்னு கயலன் சொன்னான். அதுக்குள்ள மழை வராம இருக்கணும். புதருக்கு மேல ஒண்ணும் கிடையாது.”

அவள் எதையும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் புல் தேடிப் போய்விட்டாள். சிலுப்பன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நெருஞ்சி உள்ளேயிருந்து வந்தாள். “யாருதுன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. எடுத்துட்டுப் போய்க் கொடுங்க.”

“அவ கேக்கலையே. இப்பக் கொண்டுபோனா, நேத்தே ஏன் கொடுக்கலைன்னு கேப்பா. அதான் அடுத்த நடையில வருதுன்னு சொன்னாளே. குருவிங்க இன்னொண்ணு பின்னிட்டாப் போச்சு. யாருக்கும் நஷ்டமில்லை.”

மதியத்துக்கு மேல் கயலன் வந்தான். இந்த முறை அவன் முதுகில் ஒன்றுமில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றான்.

“அண்ணே, ஒரு சின்ன விஷயம். குருவிங்ககிட்டப் போய்ப் பஞ்சியோட பாய் எங்கேன்னு கேட்டேன். காத்துல பறந்துடும்னு ஒரு சுருளுக்குள்ள இன்னொண்ணை வெச்சுக் கட்டினோம், சொல்லித்தானே அனுப்பினோம்னு சொல்றாங்க. காத்து இரைச்சல்ல எனக்கு அது காதுல விழவே இல்லை. எந்தச் சுருள்னு அவங்களுக்கும் நினைவில்லை. அதனால கொடுத்த வீடெல்லாம் கேட்டுட்டு வரேன். உங்க சுருள்ல இன்னொரு பாய் இருந்துச்சா?”

இவ்வளவு தெளிவாக இனி ஒருவர் கேட்க முடியாது. இந்தக் கேள்விக்காகத்தான் சிலுப்பன் தவித்துக்கொண்டிருந்தான். இருந்தும் கேள்வி வந்ததும் அவன் முட்கள் எழுந்தன.

“இல்லையே தம்பி. ஒண்ணுதான் இருந்துச்சு.”

கயலன் வளைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க சொன்னாச் சரிதான். அப்ப வர்ற வழியில தண்ணியிலதான் நழுவிப் போயிருக்கணும். தேடிப் பாக்கறேன்” என்று திரும்பி நடந்தான்.

சிலுப்பன் உள்ளே வந்தான். நெருஞ்சி கிழங்குக் குவியலின் அருகில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“அவன் கேட்டான்” என்றாள்.

சிலுப்பன் ஒரு கிழங்கை எடுத்து, கடிக்காமல் திரும்ப வைத்தான்.

“நம்ம வாக்கை நம்பித் தண்ணிக்குள்ள இறங்கறான்.”

சிலுப்பன் வாசலுக்கு வந்து ஏரியைப் பார்த்தான். கயலன் மூழ்கினான். வெகுநேரம் கழித்து எழுந்து மூச்சு வாங்கினான். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி மூழ்கினான். கோரைக்குள் நுழைந்தான், சேற்றைக் கிளறினான், வெறும் கையோடு வெளியே வந்தான். சிலுப்பன் பார்வையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவான். உள்ளே இருக்க முடியாமல் மறுபடி வெளியே வருவான். அப்போதும் கயலன் மூழ்கிக்கொண்டுதான் இருந்தான்.

வடகரையிலிருந்து ஒரு தூக்கணாங்குருவி பறந்து வந்து, நீரில் சாய்ந்த கிளையில் உட்கார்ந்தது.

“கிடைச்சுதா?” என்றது.

“இல்லை” என்றான் கயலன்.

“தொலைச்சிருக்கே, இல்லைன்னா யாருக்கோ கொடுத்திருக்கே. எதுவா இருந்தாலும் இனிமே உன் முதுகுல பாய் ஏத்த முடியாது. வேற ஆள் பாத்துக்கறோம்.”

கயலன் தண்ணீரில் மிதந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டான். குருவி போனதும் மறுபடி மூழ்கினான்.

அப்போது மழையின் முதல் துளி சிலுப்பனின் மூக்கில் விழுந்தது. அடுத்த கணம் ஏரி முழுவதும் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. மழை இறங்கிவிட்டது.

சிலுப்பன் உள்ளே ஓடினான். கிழங்குகளைத் தள்ளிவிட்டுப் பாயை இழுத்தான்.

“எங்கே கொண்டுபோறீங்க?” என்றாள் நெருஞ்சி.

“பஞ்சியோட புதர்கிட்டப் போட்டுட்டு வந்துடறேன். யாரும் பாக்க மாட்டாங்க.”

நெருஞ்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் வெளியே போய்விட்டான்.

பாயை முதுகில் போட்டான். காற்று உதறியதும் முட்கள் அதில் குத்திக்கொண்டன. பதறிப்போய்க் கீழே போட்டு, வாயால் கவ்வி இழுத்தான். பாதை முழுவதும் கல். பாய் சிராய்ந்தது. சேற்றில் வழுக்கி அதன்மேலேயே விழுந்தான். எழுந்தபோது இன்னும் சில முட்கள் ஓலையைக் கிழித்துக்கொண்டு வந்தன. தூக்கிப் பார்த்தான். ஓட்டைகள் வழியாக வானம் தெரிந்தது. ஆனாலும் இழுத்துக்கொண்டே மேடேறினான்.

காரைப் புதரடியில் பஞ்சி கால்களை அகட்டிக் குனிந்து நின்றாள். அவளுடைய வயிற்றுக்கு அடியில் குட்டிகள் ஒடுங்கிக் கிடந்தன. அவள் முதுகில் மழை வழிந்து, ரோமம் தோலோடு ஒட்டியிருந்தது. பள்ளத்தில் நீர் தேங்கத் தொடங்கியிருந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்தாள்.

“கரையில கிடந்துச்சு” என்று சொல்லிவிடலாம். வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக நின்றன. பஞ்சி நம்புவாள். நன்றிகூடச் சொல்லுவாள். ஆனால் அப்படிச் சொன்னால், தொலைத்தவன் கயலன் என்றே ஆகிவிடும். அவனுக்கு மறுபடி வேலை கிடைக்காது. சிலுப்பன் மழையில் தடுமாறி நின்றான்.

“இது உன்னோட பாய்தான் பஞ்சி. என் சுருளுக்குள்ள இருந்துச்சு. நேத்தே பாத்தேன். கயலன் வந்து கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். இப்பக் கொண்டுவரும்போது கிழிச்சும் வெச்சுட்டேன்.”

பஞ்சியின் காதுகள் பின்னால் மடங்கின. அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

“கிழிஞ்சது கிழிஞ்சதாவே இருக்கட்டும். முதல்ல குட்டிங்க மேல போடுங்க” என்றாள்.

போட்டான். ஓட்டைகள் வழியே நீர் ஒழுகியது. அந்த நேரத்தில் யாரோ மேடேறி வரும் சத்தம் கேட்டது. நெருஞ்சிதான். அவர்களுடைய வாசலில் தொங்கிய பாயைச் சுருட்டி, முட்கள் படாமல் கழுத்துக்குக் கீழே தாங்கிக்கொண்டு மெதுவாக வந்தாள். கிழிந்ததை எடுத்துவிட்டு, நல்ல பாயைப் புதர்மேல் விரித்தாள். ஒழுகல் நின்றது. குட்டிகளில் ஒன்று தும்மியது.

சிலுப்பன் ஏரிக்கு ஓடினான். “கயலா, மேல வா. தேடாதே” என்று கத்தினான்.

கயலன் கரையேறினான். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். சிலுப்பன் எல்லாவற்றையும் சொன்னான். தன் பின்வாசலைப் பற்றியும் சொன்னான். கயலன் முழுவதையும் கேட்டான்.

“வேற வீட்டுல எல்லாம் உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். உங்க வீட்டுல மட்டும்தான் பாக்கலை” என்றான்.

மழை விட்டதும் சிலுப்பனே கரையோரமாகச் சுற்றி நடந்து வடகரைக்குப் போனான். பனைமரத்தடியில் நின்று, குருவிகள் எல்லாம் கேட்கும்படி நடந்ததைச் சொன்னான். அவை அவன் தலைக்கு மேல் கீச்சுக்கீச்சென்று வெகுநேரம் திட்டின. கடைசியில் கயலனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தன.

அந்த மழைக்காலம் முழுவதும் முள்ளம்பன்றிகளின் வாசலில் கிழிந்த பாய்தான் தொங்கியது. சாரல் உள்ளே வந்தது. பின்வாசலிலும் வந்தது. நனையாத ஒரு மூலையில் இருவரும் ஒண்டிக்கொண்டு படுத்தார்கள். சருகு அசைந்தால் சிலுப்பனின் முட்கள் இப்போது எழுவதில்லை.

அடுத்த வருடம் சிலுப்பன் மறுபடி மூங்கிலரிசி கொடுத்து ஒரு பாய் கேட்டான். கயலன் கொண்டுவந்தான். முன்புபோல் வாசலில் போட்டுவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து கட்டை அவிழ்த்தான். சிலுப்பனின் எதிரிலேயே பாயை முழுவதும் பிரித்து, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். பிறகு மறுபடி சுருட்டி அவனிடம் நீட்டினான்.

“சரியா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். பக்கத்துத் துறையில் கீரி வீட்டில், கயலன் சுருளை அப்படியே வாசலில் போட்டுவிட்டு நீந்திப் போவதைச் சிலுப்பன் பார்த்துக்கொண்டு நின்றான்.

தவறுதலாக ஒரு பொருள் நம் கைக்கு வந்தால், அது கொடுத்தவரின் பிழை. நம்முடையதல்ல என்று தெரிந்த பின்னும் வைத்துக்கொண்டால், அது நம்முடைய களவு.